சூடுபடாத நீலக்கல்லை அறிவது எப்படி?

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பூனாகலை மலைகளுக்குக் கிழக்கேயுள்ள ஒக்கம்பிட்டியக் குழிகளில் அகப்படும் நீலக்கல்லை விவாகத்திற்கென வாங்கப் புகுவோர், அதன் வர்ணம் இயற்கையினதா, உலையினதா என வினவுதல் நியாயமே. முன்னர் மதிப்பற்றதென ஒதுக்கப்பட்ட ‘கெவுடா’ என்னும் பால்நிறக் கல்லை, 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் ஏறத்தாழ 1,600 பாகை செல்சியஸ் உஷ்ணத்தில் சுட்டபோது, உள்ளே பட்டிழைபோற் படிந்திருந்த ரூட்டைல் ஊசிகள் கரைந்து, அவற்றின் டைட்டேனியம் கல்லிலுள்ள இரும்போடு கூடி, ஒளியின் செம்மஞ்சட் பகுதியை விழுங்கியமையால், ஆழ்ந்த நீலம் பிறந்தது. அதனாற்றான், பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் அவ்வூசிகள் சிதையாது முழுமையாய்த் தோன்றுமாயின், அக்கல் அத்தகைய கடுஞ்சூடு காணாதது எனலாம். புள்ளிகளாய் உடைந்த ஊசிகளோ நெருப்பின் சாட்சியங்கள். இழையே இல்லாத தெளிந்த கல்லைக் கண்கொண்டு நிர்ணயித்தல் அபாயம். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் பரிசோதித்த பின்னரே பணம் கொடுக்க வேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம்.