கார்புரேட்டருக்கு ஸ்பேசர் போட்டால் இழுவை கூடுமா?

'என்னிடம் உள்ள பெட்ரோல் பவர் வீடர், களிமண் நிலத்தில் இழுக்க முடியாமல் திணறுகிறது. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையில் தடிமனான ஸ்பேசர் போட்டால் இழுவை கூடும், பெட்ரோலும் மிச்சமாகும் என்கிறார்கள். போடலாமா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்பதுதான் என் பதில். டீசல் இன்ஜினில் கார்புரேட்டரே கிடையாது என்பதால், இந்தப் பேச்சு பெட்ரோல் கருவிகளுக்கு மட்டும்தான்.

ஏற்கெனவே ஒன்று இருக்கிறது

உங்கள் கருவியில் கார்புரேட்டரைக் கழற்றினால், அதற்கும் இன்ஜின் ஹெட்டுக்கும் நடுவில் கறுப்பு நிறத்தில் ஒரு துண்டு இருக்கும். இன்ஜின் சூடு கார்புரேட்டருக்குப் போகாமல் தடுப்பதுதான் அதன் வேலை. சூடு ஏறினால் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் ஆவியாகி, உச்சி வெயிலில் இன்ஜின் நின்றுவிடும். அந்தத் துண்டு உடைந்திருந்தால் அதே மாடலுக்கு உரியதை வாங்கிப் போடுங்கள். அலுமினியத்தில் கடைந்து போட்டால், சூட்டைத் தடுப்பதற்குப் பதில் கடத்திவிடும்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் எட்டு சிலிண்டர் பந்தயக் கார்களுக்கு இப்படி ஸ்பேசர் போடுவது உண்டு. கார்புரேட்டருக்குக் கீழே காற்றும் பெட்ரோலும் கலக்கக் கூடுதல் இடம் கிடைப்பதால், அதிவேகத்தில் சில இன்ஜின்களில் சக்தி சற்றுக் கூடும். சிலவற்றில் ஒன்றும் கூடாது. நம் வீடரில் இருப்பது ஒற்றை சிலிண்டர். பெரும்பாலும் நிமிடத்துக்கு 3,600 சுற்றுக்கு மேல் போகாதபடி கவர்னர் பிடித்து வைத்திருக்கும். அங்கே கிடைக்கிற பலன் இங்கே கிடைக்காது.

கெடுதல் என்ன?

தடிமன் கூடினால் கார்புரேட்டர் வெளியே தள்ளி உட்காரும். கவர்னர் கம்பி சரியாக இழுக்காமல் போனால், வேகம் கட்டுக்கு மீறி கனெக்டிங் ராடு உடையலாம். ஸ்டட் நீளம் போதாமல் இணைப்பு தளர்ந்தால், அந்த வழியே காற்று புகும். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை எரியும்போது சூடு கூடி, வால்வும் பிஸ்டனும் கெடும். புல்வெட்டும் டூ ஸ்ட்ரோக் கருவிகள் பலவற்றில் அந்தத் துண்டில் சிறு துளை ஒன்று இருக்கும். அதை அடைத்துவிட்டால் பெட்ரோலே ஏறாது.

இழுவை குறைந்தால் பார்க்க வேண்டியவை

1. ஏர் ஃபில்டர்: ஸ்பாஞ்ச் வகை என்றால் சோப்பு நீரில் அலசி, நன்றாக உலர்த்தி, சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். காகித வகையைக் கழுவக் கூடாது. தட்டித் தூசி நீக்குங்கள்.

2. பிளக்: கரியைத் துடைத்து இடைவெளியைப் பாருங்கள். பெரும்பாலான ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கு 0.7 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கும். உங்கள் கருவியின் கையேட்டில் உள்ள அளவே முடிவானது.

3. பெட்ரோல்: இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஒரு மாதத்துக்கு மேல் கருவியை எடுக்கப்போவதில்லை என்றால் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்துவிடுங்கள்.

4. டேங்க் மூடி: அரை மணி நேரம் ஓடி நின்றுபோகிறதா? மூடியைச் சற்றுத் தளர்த்தியதும் மறுபடி ஓடினால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

5. இணைப்பு: கேஸ்கட் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். இத்தனையும் சரியாக இருந்தால் மட்டும் டேப்பெட் இடைவெளியையும் கம்ப்ரஷனையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மண்ணையும் பாருங்கள்

இன்ஜினில் குறை இல்லாமலும் வீடர் திணறும். வயலில் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உருண்டை உதிர்ந்தால் பதம் சரி. அப்படியே சப்பிக்கொண்டு கிடந்தால் இரண்டொரு நாள் பொறுங்கள். ஈரக் களிமண்ணில் ஓட்டினால் பெட்ரோல் வீணாவதோடு, காய்ந்தபின் மண் கல்லாக இறுகி வேருக்கும் கேடு. கத்தி தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஆழத்தை ஒரேயடியாக வைக்காமல், முதல் ஓட்டம் மேலாகவும் இரண்டாவது ஓட்டம் ஆழமாகவும் ஓட்டுங்கள்.

ஸ்பேசருக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் ஒரு பிளக்கும், ஒரு ஏர் ஃபில்டரும், ஒரு செட் கேஸ்கட்டும் வாங்கி வையுங்கள். களையெடுப்புப் பருவத்தில் வேலை நிற்காது.