பூரி என்றால் ரொட்டி, மாமா என்றால் அப்பா!

நான் பிளஸ் டூ வரைதான் படித்தவள். எழுதிப் பழக்கமில்லை. ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் சமையல் வேலை பார்ப்பவர். 2021 நவம்பரில் ஜார்ஜியா நாட்டுத் தலைநகரான திபிலிசிக்குப் போனார். அமெரிக்காவிலும் ஒரு ஜார்ஜியா இருக்கிறது, அது வேறே. இது ரஷ்யாவுக்குத் தெற்கே, துருக்கிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன நாடு. டாக்டருக்குப் படிக்க நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே போகிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போடும் ஒரு மெஸ்ஸில்தான் இவருக்கு வேலை. நாலு மாதம் கழித்து நானும் ஆறு வயசுப் பையனும் போய்ச் சேர்ந்தோம்.

பழைய ஊருக்குள் வீடு. நடுவிலே முற்றம், சுற்றி மரத் தாழ்வாரம் வைத்த மாடி வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு துணிக்கொடி. நம்ம ஊர் ஸ்டோர் வீடு மாதிரியே இருக்கும். கீழ் வீட்டில் ஒரு ஜார்ஜியப் பாட்டி. எங்களுக்கு மேல் மாடியில், தனியாக, ஒரு யூதப் பாட்டி. நான் யாரோடும் பேசவில்லை. பாஷை தெரியாது, வெளியே குளிர், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பையன் மட்டும் முற்றத்துப் பிள்ளைகளோடு விளையாடி இரண்டே மாதத்தில் பேசக் கற்றுக்கொண்டான். ஒரு நாள் அவன் அப்பாவைப் பார்த்து "மாமா!" என்று கத்தினான் பாருங்கள், அவர் முகம் போன போக்கு! அப்புறம்தான் தெரிந்தது, அந்த ஊரில் மாமா என்றால் அப்பா. அம்மாவுக்கு "தேதா". பாட்டிக்கு "பெபியா".

அதே மாதிரி "பூரி" என்றால் ரொட்டி. கீழ் வீட்டுப் பெபியா முதலில் கொடுத்தது ஹச்சாப்பூரி. ஹச்சோ என்பது பால் திரிந்த கட்டி, பூரி என்பது ரொட்டி, அவ்வளவுதான். ரொட்டிக்குள்ளே சீஸ். நாம் போளிக்குப் பூரணம் வைப்பது போல் வைத்து மூடுவது இமெரெத்தி என்ற பகுதியின் வழக்கம். சமெக்ரெலோ பக்கம் உள்ளே வைத்தது போதாதென்று மேலேயும் சீஸ் தூவுவார்கள். கடலோரம் இருக்கும் அஜாராவில் படகு மாதிரி செய்து, நடுவில் முட்டையும் ஒரு கட்டி வெண்ணெயும் விடுவார்கள். பொருளாதாரம் படித்தவர்கள் கூட அங்கே விலைவாசியைக் கணக்குப் பார்ப்பது ஹச்சாப்பூரியை வைத்துத்தான். மாவு, சீஸ், பால், முட்டை, வெண்ணெய், ஈஸ்ட், அடுப்பு எரிகிற செலவு எல்லாம் சேர்த்து ஒரு ஹச்சாப்பூரிக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்ப்பார்களாம். நம்ம ஊரில் இட்லிக்கு இப்படி யாராவது கணக்குப் போட்டால் தேவலை!

வீட்டில் செய்வது சுலபம். 2 கப் மைதாவில் அரை டீஸ்பூன் சோடா உப்பு, அரை டீஸ்பூன் உப்பு, 1 டீஸ்பூன் சர்க்கரை, 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய் போட்டு, முக்கால் கப் கெட்டித் தயிர் விட்டுப் பிசையுங்கள். சப்பாத்தி மாவை விட இளக்கமாக இருக்கட்டும். அரை மணி மூடி வையுங்கள். அந்த ஊர் சுலுகுனி சீஸ் இங்கே கிடைக்காது. 200 கிராம் பனீரை உதிர்த்து, 100 கிராம் பீட்ஸா சீஸ் துருவிப் போட்டு, கொஞ்சம் தாராளமாக உப்பு சேர்த்தால் ஏறக்குறைய அந்த ருசி வரும். மாவை இரண்டு உருண்டையாக்கி, கையாலேயே தட்டி, நடுவே பாதிப் பூரணம் வைத்து, விளிம்பைச் சேர்த்து மூடிக் கவிழ்த்து, மறுபடி மெல்லத் தட்டுங்கள். தடிமனான தோசைக்கல்லில் மூடி போட்டு, சின்னத் தீயில் பக்கத்துக்கு ஐந்தாறு நிமிஷம். எடுத்ததும் வெண்ணெய் தடவணும். ஆறினால் சீஸ் விறைத்துப் போகும், சூடாகவே சாப்பிட்டுவிடுங்கள். தீயைக் கூட்டினால் மேலே கருகி உள்ளே மாவாக நிற்கும். நான் முதல் மூன்று தடவையும் கருக்கினேன்.

மேல் மாடிப் பாட்டியோடு பழக்கம் வந்தது ஒரு பாயசத்தால். பையனின் பிறந்த நாளுக்குப் பால் பாயசம் வைத்து ஒரு கிண்ணம் கொண்டு போனேன். பாட்டி கையால் நெஞ்சைத் தொட்டுக் கும்பிடுவது போலச் செய்து வாங்கி, சாப்பிடாமல் ஜன்னலோரம் மூடி வைத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. நம்ம கைப்பட்டதைச் சாப்பிட மாட்டார் போல என்று கீழே வந்து அழுதேன். மறுநாள் காலையில் கிண்ணத்தைக் கழுவிக் கொண்டு வந்து, பையனை அழைத்து விளக்கம் சொன்னார். யூதர்கள் கறியையும் பாலையும் சேர்த்துச் சாப்பிட மாட்டார்கள். பாத்திரம் கூடத் தனித்தனி. கறி சாப்பிட்டால் சில மணி நேரம் போன பிறகுதான் பால். அன்று மத்தியானம் பாட்டி வீட்டில் கோழி சூப். அதனால் காலை வரை காத்திருந்து சாப்பிட்டாராம்.

அந்த நாட்டில் யூதர்கள் 2,600 வருஷமாக இருக்கிறார்கள் என்று சொல்வார்கள். 1998-ல் விழாவே எடுத்தார்களாம். 1970-களிலும் 1990-களிலும் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். இந்தப் பாட்டியின் அம்மா 1941-ல் போருக்குத் தப்பி உக்ரைனிலிருந்து திபிலிசிக்கு வந்தவராம். பாட்டி பிறந்து வளர்ந்தது இங்கேதான். மகன்கள் இருவரும் இஸ்ரேலில் அஷ்தோது என்ற ஊரில். ஜார்ஜியாவிலிருந்து போன யூதர்கள் அங்கே நிறைய. பாட்டி மட்டும் போகவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் புரட்டாசி. அக்டோபர் 4-ஆம் தேதி மத்தியானம் பாட்டி ஒரு கிண்ணம் நிறைய சூப்போடு வந்தார். உள்ளே முக்கோணமாக மடித்த கொழுக்கட்டைகள் மிதந்தன. க்ரெப்லாக் என்று பெயர். அன்று சாயங்காலம் யோம் கிப்பூர் தொடங்குகிறது. யூதர்களுக்கு அதைவிடப் பெரிய விரதம் இல்லை. ஏறக்குறைய 25 மணி நேரம் பச்சைத் தண்ணீர் கூடக் கிடையாது. விரதத்துக்கு முந்திய சாப்பாட்டில் க்ரெப்லாக் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். ஆனால் எனக்குப் புரட்டாசி! சூப்பும் கோழி, பூரணமும் கோழி. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, பையன் எப்படியோ "அம்மாவுக்கு இந்த மாசம் சாமி மாசம்" என்று சொல்லி வைத்தான். வேறு யாராவது என்றால் முகம் சுளித்திருப்பார்கள். பாட்டிக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிண்ணத்தைப் பையனிடம் கொடுத்துவிட்டு மேலே போனார். ஒரு மணி நேரத்தில், உருளைக்கிழங்கும் வதக்கிய வெங்காயமும் வைத்த க்ரெப்லாக் எட்டு, தனித் தட்டில் வந்தது. சாயங்காலம் விரதம் ஆரம்பிக்கிற நேரத்தில், எனக்காக மறுபடி மாவு பிசைந்திருக்கிறார்.

செய்முறை இதுதான். 2 கப் மைதா, 2 முட்டை, கொஞ்சம் உப்பு, தேவைக்கு ஒன்றிரண்டு ஸ்பூன் தண்ணீர். கெட்டியாகப் பிசைந்து அரை மணி ஊற வைத்து, மெல்லிசாகத் தேய்த்து, மூன்று அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். சூப்புக்கு வெந்த கோழியை எலும்பு நீக்கிப் பொடியாக நறுக்கி, நன்றாகச் சிவக்க வதக்கிய வெங்காயம், மிளகுத்தூள், உப்பு சேர்த்தால் பூரணம். ஒரு ஸ்பூன் வைத்து முக்கோணமாக மடித்து, ஓரத்தில் தண்ணீர் தொட்டு அழுத்துங்கள். உப்புத் தண்ணீர் கொதிக்கும்போது போட்டால் கால் மணியில் வெந்துவிடும். எடுத்துத் தெளிந்த சூப்பில் போட்டுச் சாப்பிட வேண்டியதுதான். சூப்புக்குப் பிழிந்த சக்கைக் கோழியும் வீணாகாது. வீட்டில் முட்டை சேர்க்காதவர்கள் வெந்நீர் விட்டே பிசையலாம், மாவு கொஞ்சம் மெத்தென்று இருக்கும்.

இதற்குள் எங்கள் கதை மோசமாகிவிட்டது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவிலிருந்து ஏகப்பட்ட பேர் திபிலிசிக்கு வந்ததில், வாடகை தாறுமாறாக ஏறியது. எங்கள் வாடகையும் ஏறியது. அதே சமயம் மெஸ் நடத்தியவர் சம்பளத்தை நிறுத்திவிட்டார். இன்று நாளை என்று இரண்டரை மாதம். ஊருக்குத் திரும்ப டிக்கெட்டுக்கும் காசில்லை. ஊரில் மாமியாரிடம் சொல்லவும் மனசில்லை. இந்தியக் கடையில் அரிசி விலை அதிகம் என்று அரிசி வாங்குவதையே விட்டேன். மாவு, உருளைக்கிழங்கு, ராஜ்மா. இவ்வளவுதான் வீட்டில்.

டிசம்பர் 17 அங்கே புனித பார்பராவின் நாள். வீட்டுக்கு வீடு லோபியானி செய்வார்கள். லோபியோ என்றால் ராஜ்மா மாதிரிப் பயறு. கீழ் வீட்டுப் பெபியா ஒன்று கொண்டு வந்தார். பையன் அதைத் தின்ற வேகத்தைப் பார்த்தார், எங்கள் சமையல்கட்டையும் ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் "மோதி, மோதி" என்று கையைப் பிடித்துக் கீழே இழுத்துப் போனார். வா, வா என்று அர்த்தம்.

லோபியானிக்கு ஹச்சாப்பூரி மாவேதான். 1 கப் ராஜ்மாவை ராத்திரி ஊற வைத்து, குக்கரில் பூப்போல வேக விட்டு, தண்ணீரைச் சுத்தமாக வடித்து மசியுங்கள். ஒரு பெரிய வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கிச் சேர்த்து, உப்பு, மிளகு, இடித்த தனியா. தண்ணீர் நின்றால் ரொட்டி கிழியும். சில பகுதிகளில் புகை போட்ட பன்றிக் கறியும் சேர்ப்பார்கள், பெபியா எனக்காக அதை விட்டுவிட்டார். சீஸ் விலையில் கால் பங்கு கூட ஆகாது, இரண்டு தின்றால் வயிறு நிறையும்.

நான் செய்ததை என் வீட்டுக்காரர் மெஸ் பிள்ளைகளுக்கு நாலு கொடுத்திருக்கிறார். அடுத்த ஞாயிறு, மெஸ் லீவு நாள், பத்துப் பேர் வீட்டு வாசலில்! அங்கே காசுக்குப் பெயர் லாரி. ஒரு லோபியானி 3 லாரி என்று வைத்தேன். வாங்கிய முதல் காசைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் கல்யாணத்துக்குப் பிறகு நான் சம்பாதித்த முதல் காசு அதுதான். பிள்ளைகள் "அக்கா, ஹிங்காலியும் போடுங்கக்கா" என்றார்கள். பெபியாவிடம் ஓடினேன்.

ஹிங்காலியைப் பார்த்தால் நம் மோதகம்தான். மலை நாட்டுப் பண்டம். 3 கப் மைதாவுக்கு ஒரு கப்புக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர், உப்பு, அவ்வளவே. கெட்டி மாவாகப் பிசைந்து அரை மணி விட்டு, சாஸர் அகலத்துக்குத் தேய்த்து, விளிம்பை மடித்து மடித்துக் கொண்டை போட வேண்டும். 18 மடிப்புக்குக் குறைந்தால் மரியாதை இல்லையாம். எனக்கு 12 தான் வந்தது. உள்ளே கறி என்றால், கால் கிலோ கொத்துக்கறியைப் பச்சையாகவே எடுத்து, வெங்காயம், கொத்தமல்லித் தழை, மிளகு, சீரகம், உப்பு போட்டு, அரை கப் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைய வேண்டும். அந்தத் தண்ணீர்தான் வேகும்போது உள்ளே ரசமாகும். கறி சேர்க்காதவர்களுக்கு வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு. கொதிக்கும் உப்புத் தண்ணீரில் போட்டு, அடியில் ஒட்டாமல் மெல்லச் சுற்றி விடுங்கள். மிதந்து வந்த பிறகு கறிக்கு எட்டு நிமிஷம், கிழங்குக்கு மூன்று நிமிஷம். மேலே மிளகுத்தூள் மட்டும். சாஸ் எல்லாம் கேட்கக் கூடாது, பெபியாவுக்குக் கோபம் வரும். கரண்டி, முள் எதுவும் வேண்டாம். கொண்டையைப் பிடித்துத் தூக்கி, ஓரத்தில் கடித்து, முதலில் ரசத்தை உறிஞ்ச வேண்டும். சிந்தினால் சிரிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருமானத்தில் கரண்ட் பில், காஸ் பில், வாடகையில் பாதி என்று சமாளித்தோம். ஜனவரியில் இவருக்கு வேறு மெஸ்ஸில் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் ஒரு மாதம் மட்டும் வந்தது, மீதி இன்று வரை வரவில்லை. 2023 ஜூனில் ஊருக்குத் திரும்பிவிட்டோம்.

கிளம்புகிற அன்று பெபியா ஒரு பை நிறைய அக்ரோட்டும், காய வைத்துப் பொடித்த செண்டுமல்லிப் பூவும் கொடுத்தார். ஆமாம், நாம் மாலை கட்டுகிற செண்டுமல்லிதான். அங்கே அதைக் குங்குமப்பூ மாதிரிச் சமையலில் போடுவார்கள். மேல் மாடிப் பாட்டி கீழே இறங்கி வரவில்லை, முழங்கால் வலி. நான் மேலே போனேன். தன் மாவுக் கட்டையைக் கொடுத்தார். அவர் அம்மா வைத்திருந்தது. வேண்டாம் பாட்டி, உங்கள் மகன் வீட்டுக்கு ஆகும் என்றேன். பையன் அதைச் சொன்னதும் பாட்டி சிரித்து, "அங்கே எல்லாம் கடையில் வாங்குகிறார்கள்" என்றார்.

போன புரட்டாசியில் அந்தக் கட்டையில்தான் உருளைக்கிழங்கு க்ரெப்லாக் செய்தேன். கோழி சூப்புக்குப் பதில் தெளிந்த மிளகு ரசத்தில் போட்டேன். மாமியார் முதலில் "இதென்னடி ரசத்துல கொழுக்கட்டை" என்றார், அப்புறம் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினார். செய்து பார்க்கிற தோழிகள் எப்படி வந்தது என்று இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன். ஹிங்காலியின் கொண்டையைச் சாப்பிடக் கூடாது, தட்டிலேயே வைத்துவிட வேண்டும். யார் எத்தனை தின்றார்கள் என்று அதை எண்ணித்தான் தெரிந்துகொள்வார்கள். போன வாரம் என் பையன் தட்டில் பதினொன்று இருந்தது.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.