நெற்பூவில் ஒரு பழைய வழக்கு

தஞ்சை மாவட்டத்தில் சம்பா நெல் கதிர்விட்டு நிற்கும் நாளில், காலை பத்து மணிக்கு மேல் வயலோரம் சென்று ஒரு கதிரை உற்றுப் பாருங்கள். ஆங்காங்கே சில நெல்மணிகள் உமியைச் சற்றே விரித்துத் திறந்திருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஆறு மகரந்தப் பைகள் மெல்லிய இழைகளில் வெளியே தொங்கும். சுமார் ஒரு மணி நேரத்தில் உமி மீண்டும் மூடிக்கொள்ளும். அதற்குள் பெரும்பாலும் அதே பூவின் மகரந்தம் அதே பூவின் சூல்முடியில் விழுந்துவிடும். நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். அதனால்தான் விளைந்த நெல்லிலிருந்தே விதை நெல்லை எடுத்துவைப்பது நம் உழவர்களின் வழக்கமாயிற்று.

ஆனால் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1998-இல் வெளிவந்த வீரிய ஒட்டு நெல்லுக்கு இந்த வழக்கம் ஒத்துவராது. அதற்கு ஒவ்வொரு முறையும் புதிய விதை வாங்க வேண்டும். ஏன்? விடை காண, நாம் நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

குடிவந்த பாக்டீரியா

அக்காலத்தில் உட்கரு உடைய செல்லே கிடையாது. பாக்டீரியாக்களும், ஆர்க்கியா எனப்படும் மற்றொரு வகை நுண்ணுயிர்களுமே இருந்தன. ஆர்க்கியா வழியில் வந்த ஒரு செல்லுக்குள் ஒரு பாக்டீரியா குடிபுகுந்தது. அது செரிக்கப்படவில்லை, உள்ளேயே பெருகி, உணவிலிருந்து ஆற்றல் எடுத்துத் தரும் உறுப்பாக மாறியது. அதுவே மைட்டோகாண்ட்ரியா. 1967-இல் லின் மார்குலிஸ் என்ற அமெரிக்க அறிஞர் இக்கருத்தை விரிவாக எழுதியபோது பலர் ஏற்கவில்லை. பின்னர் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தபோது, அது பாக்டீரியா வம்சம் என்பது உறுதியாயிற்று.

குடிவந்த பாக்டீரியாவின் ஜீன்களில் பல காலப்போக்கில் உட்கருவுக்கு மாறிவிட்டன. சிலவே பழைய இடத்தில் எஞ்சியுள்ளன. நெல்லின் உட்கருவில் ஏறத்தாழ 39 கோடி டி.என்.ஏ. எழுத்துக்கள், மைட்டோகாண்ட்ரியாவில் சுமார் 4,90,000 மட்டுமே. ஒரே வீட்டில் இரண்டு பத்திரங்கள் எனலாம்.

தாய்வழிச் சொத்து

இந்த இரு பத்திரங்களும் ஒரே வழியில் அடுத்த தலைமுறைக்குச் செல்வதில்லை. நெல்லின் செல்லில் 24 குரோமோசோம்கள் உண்டு. மகரந்தத்தில் 12, முட்டையில் 12 எனப் பாதியாகப் பிரிந்து, கருவுறும்போது மீண்டும் 24 ஆகின்றன. உட்கருவுக்குத் தந்தை வழியும் தாய் வழியும் தேவை. மைட்டோகாண்ட்ரியாவோ முட்டையின் வழியாக மட்டுமே செல்கிறது. மகரந்தம் அதற்கு முட்டுச்சந்து.

இதன் விளைவு என்ன? மைட்டோகாண்ட்ரியாவில் மகரந்தத்தை அழிக்கும் ஒரு ஜீன் தோன்றினால், மைட்டோகாண்ட்ரியாவுக்கு நட்டமில்லை. உட்கருவுக்கோ பாதி வழி அடைபடுகிறது. ஆகவே அந்தத் தீங்கை முறியடிக்கும் ஜீன்கள் உட்கருவில் நிலைபெறுகின்றன. இதுதான் நாம் சொல்லும் பழைய வழக்கு.

1970-இல் சீனாவின் ஹைனான் தீவில், மகரந்தம் வளராத ஒரு காட்டு நெற்செடி கிடைத்தது. அதன் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு ஜீனே காரணம் என 2013-இல் கண்டறிந்தனர். மகரந்தத்துக்கு உணவூட்டும் திசுவை அது காலத்துக்கு முன்பே சாகச் செய்கிறது.

வழக்கிலிருந்து விதை

இந்தக் குறையையே பயிர் அறிஞர்கள் கருவியாக்கிக் கொண்டனர். மகரந்தம் இல்லாத செடியைத் தாயாகவும், முறியடிக்கும் ஜீன் உடைய செடியைத் தந்தையாகவும் அடுத்தடுத்த வரிசைகளில் நடுகிறார்கள். பூக்கும் வேளையில் கயிற்றை இழுத்தோ, மூங்கில் கழியால் தட்டியோ தந்தைச் செடியின் மகரந்தத்தை உதிர்க்கிறார்கள். தாய்ச் செடியில் விளைவதே வீரிய ஒட்டு விதை. ஆடுதுறை ரகமும் இந்தச் சீனக் காட்டு நெல்லின் வழியில் வந்த தாயைக் கொண்டதே.

வீரிய விதையில் முளைத்த செடி நன்றாக மணி பிடிக்கும். ஆனால் அந்த நெல்லையே விதைத்தால் உட்கரு ஜீன்கள் கலைந்து பிரியும். உயரமும் முதிர்ச்சியும் ஒன்றுபோல் இரா. முறியடிக்கும் ஜீன் கிடைக்காத செடிகளில் மகரந்தம் இல்லாமல் பதர் மிகும். மைட்டோகாண்ட்ரியா மட்டும் மாறாமல் தாய்வழியில் தொடரும்.

இதில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அமெரிக்க மக்காச்சோள வயல்களில் பெரும்பகுதி ஒரே வகை மைட்டோகாண்ட்ரியாவைச் சார்ந்திருந்தது. 1970-இல் அதையே குறிவைத்த ஒரு பூஞ்சை நோய் பரவி, அந்நாட்டு விளைச்சலில் ஏறக்குறைய 15 சதவீதத்தை அழித்தது. எனவே தாய்வழியிலும் பல வகை வேண்டும். நாட்டு நெல் ரகங்களையும் காட்டு நெல்லையும் அழியாமல் காப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த முறை விதை மூட்டையில் 'வீரிய ஒட்டு' என்ற சொல்லைக் கண்டால், அதை விதைக்காக எடுத்துவைக்கலாமா என்று யாரேனும் கேட்டால், கூடாது என்பதோடு காரணத்தையும் நீங்கள் சொல்லலாம்.