குடிக்காதவர் ஈரலில் கொழுப்பு

"ஈரல் கெட்டுவிட்டதாம்" என்று லயத்தில் யாரைப் பற்றியாவது பேச்சு வந்தால், அடுத்த கேள்வி என்னவென்று உங்களுக்குத் தெரியும். "எத்தனை வருஷமாகக் குடிக்கிறார்?" என்பதுதான். கள்ளுக்கடைக் காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வேறெப்படிக் கேட்போம்?

என் அக்காளும் அப்படித்தான் கேட்டாள், தன் கணவரிடம். அத்தான் கள்ளோ பீரோ தொட்டறியாதவர். ஜோகூரிலிருந்து பாலம் கடந்து, சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கடையொன்றுக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர். வயிற்றை ஸ்கேன் செய்த டாக்டர், "ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது" என்றார். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றது. "எனக்குத் தெரியாமல் அங்கே குடிக்கிறார்" என்பது அக்காளின் முடிவு.

பள்ளி விடுமுறையில் தேக்கா உணவங்காடியில் அத்தானோடு உட்கார்ந்தேன். வாத்தியார் புத்தி போகுமா? ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். விடியற்காலை வெறும் வயிற்றில் பால்டின் ஊற்றிய தே தாரிக். பத்து மணிக்கு இன்னொன்று. மத்தியானம் டின் பானம். மாலையில் சிராப் பண்டோங். பிறகு மறுபடியும் தே. அவர் குடித்தது சீனி!

இனி, அந்தச் சீனி போகும் வழியைப் பாருங்கள். சிறுகுடல் சுமார் இருபது அடி நீளம். அது உறிஞ்சும் சத்தில் பெரும்பகுதி நேராக இருதயத்துக்குப் போவதில்லை. ஒரு தனி இரத்தக் குழாய் வழியாக முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. நாம் போடும் சீனி குடலில் குளுக்கோஸ் பாதி, பழச்சர்க்கரை பாதி என்று பிரியும். இந்தப் பழச்சர்க்கரைதான், அளவு மீறினால், ஈரலில் கொழுப்பாக மாறும்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் எலிகளிடம் ஒன்று கண்டார்கள். பழச்சர்க்கரை கொஞ்சமாக வந்தால், ஏறக்குறைய 90 சதவிகிதத்தைச் சிறுகுடலே மாற்றிவிடுகிறது. நிறைய வந்தால் அதனால் முடியவில்லை. மிச்சம் ஈரலுக்கு வழிந்தோடுகிறது. செம்பனை ஆலைக்குக் குலை லோரி ஒவ்வொன்றாக வந்தால் வேலை ஓடும். இருபது லோரி ஒன்றாக வந்து நின்றால்? அதே கதைதான்.

2020-இல் வந்த அடுத்த ஆய்வில், குடலின் அந்த வேலையை நிறுத்திய எலிகளுக்கு ஈரலில் கொழுப்பு கூடியது. அதே பழச்சர்க்கரையை மெல்லத் தின்றதைவிடக் குடித்தபோது, ஈரலில் கொழுப்பு அதிகம் உருவானது. வயிற்றில் உணவு இருக்கும்போது குடல் இன்னும் நன்றாகச் சமாளிக்கிறது என்பதை முதல் ஆய்வே காட்டியிருந்தது. எலிக்குக் கண்டது அத்தனையும் மனிதனுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அத்தானின் விடியற்காலைத் தே எனக்கு உடனே ஞாபகம் வந்தது. பழத்தை மென்று தின்பவர்கள் பயப்பட வேண்டாம். அதில் நார் இருக்கிறது, மெதுவாகத்தான் இறங்கும்.

சீனி மட்டுமே குற்றவாளி அல்ல. உடல் பருமன், நீரிழிவு, உட்கார்ந்தே இருக்கும் வேலை எல்லாம் இதில் கூட்டு. மதுவும் ஈரலைக் கெடுக்கத்தான் செய்யும். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் குடிக்காதவர்களுக்கும் இந்நோய் ஏராளமாக வருகிறது. 2023-இல் உலக ஈரல் மருத்துவச் சங்கங்கள் இதன் பெயரையே மாற்றின. பழைய பெயரில் 'மது' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம். அக்காள் அதைப் படித்திருந்தால் ஒரு மாதச் சண்டை மிச்சம்.

சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் டின், பாக்கெட் பானங்களுக்கும், ஓராண்டு கழித்துக் கடையில் கலக்கும் பானங்களுக்கும் 'நியூட்ரி-கிரேட்' என்று ஏ முதல் டி வரை தரம் பிரித்திருக்கிறார்கள். நூறு மில்லி லிட்டரில் பத்து கிராமுக்கு மேல் சீனி இருந்தால் டி. அப்படிப்பட்ட பானம் முந்நூறு மில்லி குடித்தால் ஆறு தேக்கரண்டிச் சீனிக்குக் குறையாது. சாமான் வாங்கும்போது அந்த எழுத்தைப் பாருங்கள்.

இந்த நோய் பெரும்பாலும் வலி காட்டாது. ஆனால் ஆரம்பத்தில் பிடித்தால் திரும்பிவிடும். பருமனானவர்கள் எடையில் ஐந்து சதவிகிதம் குறைத்தாலே ஈரல் கொழுப்பு கரையத் தொடங்கும். எண்பது கிலோ உள்ளவருக்கு அது நான்கு கிலோ.

அத்தானின் கணக்குத் தாளை அக்காளிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். "தேத்தண்ணியா!" என்றாள். அன்று இரவு அவருக்குச் சோறு அவள்தான் போட்டாள்.

இப்போது தேக்காவில் அத்தான் கேட்பது "தே ஓ கோசோங்." முதல் மடக்கில் அவர் முகம் போன போக்கை நான் அக்காளிடம் சொல்லவில்லை.