கைப்பேசியில் பெயர்ப் பதிவும் தேதிக் குறிப்பும்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் அலுவலகத்தில் எத்தனையோ புத்தகங்கள் இருக்கும். அவற்றுள் இரண்டு இல்லாவிடில் ஒரு நாளும் வேலை நடவாது. ஒன்று அங்கத்தினர் பெயர்ப் பதிவேடு. மற்றொன்று எந்தத் தேதியில் எந்தத் தவணை என்று காட்டும் தவணைக் குறிப்பு. யாரிடம் போக வேண்டும் என்பதை முதற் புத்தகம் சொல்லும். எப்பொழுது போக வேண்டும் என்பதை இரண்டாவது புத்தகம் சொல்லும். இவ்விரண்டு புத்தகங்களும் இன்று நம் அங்கத்தினர் பலருடைய சட்டைப் பையிலேயே இருக்கின்றன. ஆனால் நாம் அவற்றைப் புத்தகமாகக் கருதுவதில்லை. சாதாரணக் கைப்பேசியிலுள்ள பெயர்ப் பட்டியலையும் நாட்காட்டியையுமே இங்குக் குறிப்பிடுகிறோம்.

கண்ணாடித் திரையை விரலால் தொட்டு இயக்கும் விலையுயர்ந்த கருவியைப் பற்றி இக்கட்டுரை பேசவில்லை. பொத்தான்களை அழுத்திப் பேசும் எளிய கருவியே வயலிலும் தறிக்குழியிலும் பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. விலை குறைவு, ஒருமுறை மின்னேற்றம் செய்தால் பல நாட்கள் உழைக்கும். ஆயினும் கடையில் அதை வாங்கும்பொழுது நிறம், ஒலி, விளக்கு, ரேடியோ ஆகியவற்றைப் பார்க்கிறோமேயன்றி, பெயர்ப் பட்டியலும் நாட்காட்டியும் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்ப்பதில்லை.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஓர் உதாரணம் கூறுவோம். தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் பெற்ற பயிர்க்கடனைத் தவணைக்குள் திருப்பிச் செலுத்துகிறவர்களிடம் வட்டி வாங்குவதில்லை என்ற சலுகை 2009-ம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. தவணை தவறினால் அச்சலுகை போய்விடும். மணிமங்கலத்து ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிடும் ஒருவர் ரூ. 50,000 கடன் பெற்றிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு நூற்றுக்கு 7 வீதம் கணக்கிட்டாலும் வட்டி ரூ. 3,500 ஆகிறது. ஒரு சாதாரணக் கைப்பேசியின் விலையைக் காட்டிலும் இது அதிகம். பணம் கையிலிருந்தும் தேதி நினைவில்லாமற்போனால் இத்தொகை வீணாகும். குன்றத்தூரில் பட்டு நெய்பவருக்கும் இதே நிலைதான். பாவும் ஊடையும் பெற்றுவந்த நாள், சேலையை ஒப்படைக்க வேண்டிய நாள், அதற்கு முன் சரிகைக்குச் சொல்லியனுப்ப வேண்டிய நாள் என்று ஒவ்வொன்றும் முகூர்த்த மாதத்தை ஒட்டி வருகிறது. நாள் தவறினால் விற்பனை தவறும்.

நம் வட்டாரமும் கைப்பேசியும்

நமது பகுதிக்கு இக்கருவி அந்நியமானதன்று. தாம்பரத்துக்கு மேற்கேயுள்ள ஸ்ரீபெரும்புதூரில் பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனத்தின் தொழிற்சாலை 2006-ம் ஆண்டு முதல் 2014-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி மூடப்படும் வரையில் நடைபெற்றது. கோடிக்கணக்கான கைப்பேசிகள் அங்கிருந்து வெளிச்சென்றன. அந்நிறுவனம் 2003-ம் ஆண்டில் வெளியிட்ட 1100 என்னும் எளிய கருவி, உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. தூசி புகாத பொத்தான் பரப்பு, ஈரக் கையில் நழுவாத பக்கங்கள், சிறு கைவிளக்கு ஆகியவை அதில் இருந்தன. உழைப்பாளியின் கையை எண்ணிச் செய்த கருவி என்று அதைச் சொல்லலாம். ஆனால் அதன் சொந்த நினைவகத்தில் 50 பெயர்களுக்கே இடமிருந்தது. அதே நிறுவனத்தின் பெயரில் 2019-ம் ஆண்டில் வந்த 105 என்னும் எளிய கருவியிலோ 2,000 பெயர்கள் வரை பதியலாம். வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு கருவிகளுக்குள் இவ்வளவு வித்தியாசம் இருக்கக்கூடும். ஆகையால் பழைய கருவியை வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “இதில் எத்தனை பெயர் கொள்ளும்?” என்பதே.

பெயர் எங்கே தங்குகிறது?

அடுத்த கேள்வி இதைவிட முக்கியமானது. நாம் பதியும் பெயர் இரண்டு இடங்களில் ஏதேனும் ஒன்றில் தங்கும். ஒன்று கைப்பேசியின் சொந்த நினைவகம். மற்றொன்று நிறுவனத்தார் கொடுக்கும் சிம் அட்டை. கைப்பேசி பழுதானால் அதன் நினைவகத்திலுள்ள பெயர்களும் அத்துடன் போகும். சிம் அட்டையில் பதிந்த பெயர்களோ, அட்டையைக் கழற்றி வேறு கருவியில் செருகினால் அங்கேயும் கிடைக்கும்.

அப்படியானால் எல்லாவற்றையும் சிம் அட்டையிலேயே பதிந்துவிடலாமே என்று தோன்றும். அதிலும் குறைகள் உண்டு. அட்டையில் பொதுவாக 250 பெயர்கள் வரையே கொள்ளும். பெயரின் நீளமும் குறுகியது. ஆங்கிலத்தில் சுமார் 14 எழுத்துக்களுக்கு மேல் இடமில்லாத அட்டைகள் பல. ஒரு பெயருக்கு ஓர் எண்ணே பெரும்பாலும் பதியப்படும். தமிழில் எழுதினால் இடம் இன்னும் சுருங்கும். காரணம், நம் கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரிவது கருவிக்குள் இரண்டு குறிகளாகப் பதிவதுதான். ‘கூட்டுறவு’ என்னும் சொல் நமக்கு ஐந்தெழுத்து. கருவிக்கு ஒன்பது குறிகள். ‘க’ ஒரு குறி, அதனுடன் சேரும் ஊகாரக் கொம்பு மற்றொரு குறி, ‘ட்’ என்பதன் புள்ளி வேறொரு குறி என்று கணக்காகும். ஆகையால் நீண்ட தமிழ்ப் பெயர் அட்டைக்கு மாறும்பொழுது பாதியில் வெட்டுப்படலாம்.

எனவே, எல்லாப் பெயர்களையும் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, தவிர்க்க முடியாத 20 அல்லது 30 பெயர்களை மாத்திரம் சுருக்கமான பெயருடன் சிம் அட்டையிலும் பதிந்து வைப்பதே நல்ல முறை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்கும் வசதி கருவியில் உண்டா என்று கடையிலேயே பார்த்துவிடலாம்.

தமிழில் எழுத முடியுமா?

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2016-ம் ஆண்டில் வகுத்த ஐ.எஸ். 16333 (பகுதி 3) என்னும் நெறிப்படி, நாட்டில் விற்கும் கைப்பேசிகள் 22 இந்திய மொழிகளையும் திரையில் காட்ட வேண்டும். எழுதுவதற்கோ ஆங்கிலமும் இந்தியும் அவற்றுடன் வேறோர் இந்திய மொழியும் இருந்தால் போதும். அந்த வேறோர் மொழி தமிழாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. தமிழைப் படிக்கக் காட்டும் கருவியெல்லாம் தமிழில் எழுதவும் இடங்கொடுக்கும் என்று நம்பிவிடலாகாது. கடைக்காரர் எதிரிலேயே ஒரு தமிழ்ப் பெயரை எழுதிப் பதிந்து, பிறகு முதலெழுத்தை அழுத்தித் தேடிப் பார்ப்பதே சரியான சோதனை.

பெயரிடும் முறையிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். அவசரத்தில் ஆளின் பெயர் நினைவுக்கு வராமற்போகலாம். அவரிடம் நமக்குள்ள காரியம் நினைவுக்கு வரும். ஆகையால் ‘சங்கம் காரியதரிசி’, ‘சாயப்பட்டறை’, ‘உரக்கடை’, ‘டிராக்டர்’ என்று காரியத்தை முன்வைத்துப் பதிவது நலம். வீட்டிலுள்ள மற்றவர்களும் அப்பொழுது எளிதாகத் தேடலாம். எண்ணுக்கு முன் +91 சேர்த்துப் பதிந்தால் வெளிமாநிலத்திலும் வெளிநாட்டிலும் மாற்றமின்றிப் பயன்படும். 2021-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி முதல் தரைவழி டெலிபோனிலிருந்து கைப்பேசிக்குப் பேச எண்ணுக்கு முன் 0 சேர்க்க வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்ளலாம். அவசர உதவிக்கான 112, விவசாயிகளுக்கான கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 ஆகிய எண்களையும் பட்டியலில் சேர்த்து வைப்பது நன்று.

பழைய எண்களை அவ்வப்பொழுது களைவதும் அவசியம். ஒருவர் கைவிட்ட எண் சிறிது காலத்துக்குப்பின் வேறொருவருக்கு வழங்கப்படக்கூடும். 90 நாட்களுக்குள் அவ்வாறு வழங்கப்படுவதில்லை என்று 2023-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அதன்பின் நம் செய்தி முன்பின் அறியாத ஒருவரைச் சேரலாம். கணக்கு வழக்குகளை அவ்வாறு அனுப்புவது ஆபத்து.

நாட்காட்டியின் சோதனை

நாட்காட்டி பெரும்பாலான கைப்பேசிகளில் இருக்கிறது. ஆனால் தேதியைக் காட்டுவது வேறு; குறித்த நாளில் மணியடித்து நினைவூட்டுவது வேறு. சில கருவிகளில் மாதத்தைப் பார்க்கலாம், எதையும் எழுத முடியாது. சிலவற்றில் எழுதலாம், மணியடிக்காது. எழுதவும் மணியடிக்கவும், மாதந்தோறும் ஆண்டுதோறும் திரும்பச் சொல்லவும் கூடியதே நமக்கு உதவும்.

இதைச் சோதிக்கச் சிறிது நேரம் போதும். ஐந்து நிமிடத்துக்குப் பிந்திய நேரத்தைக் குறித்து ஒரு குறிப்பை எழுதி, கருவியைக் கீழே வைத்துக் காத்திருக்கலாம். மணி ஒலித்தால் நல்லது. மறுமுறை அவ்வாறே குறித்து, கருவியை அணைத்து வைத்துப் பார்க்கலாம். அணைந்திருக்கும்பொழுதும் காலை அலாரம் அடிக்கும் கருவிகள் உண்டு. நாட்காட்டிக் குறிப்பும் அவ்வாறு அடிக்கும் என்று கொள்ளலாகாது. மூன்றாவதாக, மின்கலத்தைக் கழற்றித் திரும்பப் போட்டபின் தேதியும் மணியும் சரியாக நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தேதி பிறழ்ந்தால் அதிலுள்ள குறிப்பெல்லாம் பிறழும்.

வேறொரு குறையை நாமே ஈடுசெய்ய வேண்டும். எளிய கைப்பேசியின் நாட்காட்டி பெரும்பாலும் ஆங்கில மாதத்தையே அறியும். நமது வேலையோ தமிழ் மாதத்தையும் பஞ்சாங்கத்தையும் ஒட்டியது. தமிழ் மாதத்துக்கு 29 முதல் 32 நாட்கள் வரை வரும். தீபாவளி ஓராண்டு அக்டோபரில் வரும், மற்றோராண்டு நவம்பரில் வரும். ஆகையால் முகூர்த்த நாட்களையும் பண்டிகைகளையும் ‘ஆண்டுதோறும்’ என்று பதிந்துவிட்டால் மறு ஆண்டு தவறான நாளில் மணியடிக்கும். ஆண்டுதோறும் புதிய பஞ்சாங்கம் வந்தவுடன் அவற்றைப் புதிதாகப் பதிய வேண்டும். மாதத் தவணை போன்று ஆங்கிலத் தேதியில் நிலையாக உள்ளவற்றை மட்டும் ‘திரும்ப’ என்று குறிக்கலாம். கடன் தவணையைக் கடைசி நாளன்று குறிப்பதாற் பயனில்லை. பணம் திரட்ட அவகாசம் வேண்டுமாகையால் 15 நாள் முன்பு ஒருமுறையும், 3 நாள் முன்பு ஒருமுறையும் குறிப்பது தகும்.

வெள்ளம் கற்பித்த பாடம்

2015-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. மின்சாரம் நின்றது, பல இடங்களில் டெலிபோன் தொடர்பும் அற்றது. இத்தகைய வேளையில் பல நாள் மின்னேற்றம் தாங்கும் எளிய கருவி பெருந்துணை என்பது உண்மை. ஆயினும் கருவியே நீரில் மூழ்கிவிட்டால், அண்டை வீட்டார் தம் கைப்பேசியைக் கொடுத்தாலும், எந்த எண்ணுக்குப் பேசுவது? பெற்ற மகனின் எண்ணைக்கூட மனத்தில் வைத்திருப்பவர் இன்று குறைவு.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பெயர்களைச் சிம் அட்டைக்குப் படியெடுக்கலாம். நாட்காட்டிக் குறிப்புகளை அவ்வாறு எடுக்க இயலாது. கருவி போனால் தவணைக் குறிப்பு முழுவதும் போயிற்று. ஆகவே கைப்பேசி ஒன்றையே நம்பியிருப்பது, ஒரே ஒரு பேரேட்டை வைத்துக்கொண்டு அதற்கு நகல் இல்லாமற் சங்கம் நடத்துவதற்கு ஒப்பாகும். முக்கியமான எண்களை ஒரு தாளில் மையால் எழுதி, கூட்டுறவுப் பாஸ் புத்தகத்துடன் நீர் புகாத உறையிலிட்டு உயரத்தில் வைக்க வேண்டும். தவணை நாட்களைத் தறியின் அருகே சுவரில் மாட்டிய காலண்டரிலும் வட்டமிட வேண்டும். மாதம் ஒருமுறை, கூலி வாங்கும் நாளிலோ பால் பணம் பெறும் நாளிலோ இரண்டையும் ஒத்துப் பார்த்தால் பத்து நிமிட வேலைதான்.

சுருங்கக் கூறின், கடையில் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். எத்தனை பெயர் கொள்ளும்? சிம் அட்டைக்குப் படியெடுக்க வருமா? தமிழில் எழுதித் தேட முடியுமா? நாட்காட்டிக் குறிப்பு மணியடிக்குமா? மின்கலம் கழற்றினாலும் தேதி நிற்குமா? ஐந்துக்கும் நல்ல விடை தரும் கருவி விலை குறைந்ததாயினும் நல்ல கருவியே.

சங்கங்களும் தம் பங்கைச் செய்யலாம். காரியதரிசியின் எண்ணையும் அலுவலக எண்ணையும் பாஸ் புத்தகத்தின் உள்ளட்டையில் அச்சிட்டுக் கொடுக்கலாம். கடன் வழங்கும் நாளிலேயே அங்கத்தினரின் கைப்பேசியில் தவணைத் தேதியைப் பதிந்துகொடுக்கும்படி எழுத்தரைப் பணிக்கலாம். எழுத்தறியாத முதியவர்களுக்கு இது பேருதவியாகும். செலவு ஒன்றுமில்லை, சற்றுப் பொறுமை மட்டும் வேண்டும். தவணை தவறாத அங்கத்தினர்களே சங்கத்தின் பலம். அப்பலத்துக்குச் சட்டைப் பையிலுள்ள சிறு கருவியும் துணைசெய்யட்டும்.