ஊசி குத்தினால் என்ன செய்வது?

விபத்தில் அடிபட்டவருக்கு ஓடும் ஆம்புலன்ஸில் ஊசி போடும் மருத்துவ உதவியாளரும், நொறுங்கிய காருக்குள் கையை விட்டு உயிரை மீட்கும் தீயணைப்பு வீரரும் அன்றாடம் பிறர் ரத்தத்தோடு புழங்குகிறார்கள். அந்த ரத்தத்தின் வழியே முக்கியமாக மூன்று வைரஸ்கள் தொற்றக்கூடும்: ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி.

எது அதிக ஆபத்து?

தொற்றுள்ளவருக்குப் போட்ட ஊசி குத்திவிட்டால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி வரும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம். ஹெபடைடிஸ் சிக்கு 2 சதவீதத்துக்கும் குறைவு, எச்.ஐ.வி.க்குச் சுமார் 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் பி வைரஸ் உலர்ந்த ரத்தக் கறையிலும் 7 நாள்கள் வரை வீரியத்தோடு இருக்கும். காயமில்லாத தோல் நல்ல அரண். வெட்டுக்காயம், கண், வாய் ஆகியவையே வைரஸ் நுழையும் வழிகள்.

முன்னெச்சரிக்கை

யாருக்குத் தொற்று இருக்கிறது என்பது பார்த்துத் தெரிவதில்லை. எனவே எவருடைய ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாள வேண்டும். கையுறை எப்போதும் தேவை. ரத்தம் தெறிக்கும் இடத்தில் முகக்கவசமும் கண்ணாடியும் சேர வேண்டும். பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடக் கூடாது. ஊசி துளைக்காத வெள்ளைப் பெட்டியில் உடனே போட்டுவிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 0, 1, 6ஆம் மாதங்களில் மூன்று தவணையாகப் போட்டு, கடைசித் தவணைக்கு 1 முதல் 2 மாதம் கழித்து எதிர்ப்பாற்றலைப் பரிசோதிப்பது நல்லது.

குத்திய பிறகு

குத்திய இடத்தைப் பிதுக்கக் கூடாது, விரலை வாயில் வைக்கக் கூடாது. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் சுத்தமான நீரை நிறைய விட்டு அலச வேண்டும். பிறகு தாமதிக்காமல் மேலதிகாரியிடம் தெரிவித்து மருத்துவரிடம் செல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதை 28 நாள்கள் விடாமல் சாப்பிட வேண்டும். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி எதிர்ப்புப் புரத ஊசியும் தடுப்பூசியும் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் தேவை. ஹெபடைடிஸ் சிக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் உரிய நேரத்தில் கண்டறிந்தால் பெரும்பாலோரை மாத்திரையாலேயே குணப்படுத்தலாம்.

இந்தியாவின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் (2017), தொற்று அபாயமுள்ள பணியிடங்களில் பாதுகாப்புக் கருவிகள், பயிற்சி, தடுப்பு மருந்து ஆகியவற்றைத் தருவதை நிறுவனத்தின் கடமையாக்கியுள்ளது. உயிர் காக்க ஓடுபவருக்கு இவை சலுகை அல்ல, உரிமை.