சியால்டா ரயில் நிலையம்: அகதிகளின் புகலிடம் புறநகர்ப் பயணிகளின் உயிர்நாடியானது எப்படி?

கொல்கத்தா: நாட்டின் மிகவும் பரபரப்பான புறநகர் ரயில் முனையங்களில் ஒன்று கொல்கத்தாவின் சியால்டா. நாள்தோறும் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்நிலையத்தைப் பயன்படுத்துகின்றனர். மேற்கு வங்கத்துக்கு வெளியே பலரும் அறிந்தது ஹவுரா என்றாலும், கொல்கத்தாவின் அன்றாட வாழ்க்கையை இயக்குவதில் சியால்டாவின் பங்கு அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. 160 ஆண்டுகளுக்கும் மேலான இதன் வரலாறு, வங்கப் பிரிவினையின் வரலாறாகவும் விளங்குகிறது.

கிழக்கு வங்கத்தின் நுழைவாயில்

ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள ஹவுராவிலிருந்து 1854-ஆம் ஆண்டு ரயில் சேவை தொடங்கியது. ஆற்றின் கிழக்கே, கொல்கத்தா நகரம் அமைந்துள்ள பக்கத்தில், கிழக்கு வங்க ரயில்வே தனது பாதையை அமைத்தது. சியால்டாவிலிருந்து ராணாகாட் வரையிலான பாதை 1862-இல் திறக்கப்பட்டு, அதே ஆண்டில் இன்றைய வங்கதேசத்தில் உள்ள குஷ்டியா வரை நீட்டிக்கப்பட்டது. தொடக்கத்தில் எளிய கொட்டகையாக இருந்த நிலையத்துக்கு 1869-இல் நிரந்தரக் கட்டடம் எழுப்பப்பட்டது.

1871-இல் பாதை பத்மா ஆற்றங்கரையில் உள்ள கோலந்தோ வரை சென்றது. அங்கு ரயிலிலிருந்து இறங்கி நீராவிப் படகில் ஏறினால் டாக்கா செல்லலாம். கிழக்கு வங்கத்தின் சணலும், அதன் விளைபொருட்களும் இப்பாதை வழியாகவே கொல்கத்தாவை அடைந்தன. டார்ஜிலிங்குக்கான முதன்மை வழியும் சியால்டாவிலிருந்தே தொடங்கியது. பத்மா ஆற்றின் மீது ஹார்டிங் பாலம் 1915-இல் திறக்கப்பட்ட பிறகு, வடக்கு வங்கத்துக்கான பயணம் மேலும் எளிதானது.

இந்நிலையத்துக்குத் தமிழகத்துடன் தொடர்புடைய ஒரு நினைவும் உண்டு. மேலைநாடுகளில் சொற்பொழிவாற்றித் திரும்பிய சுவாமி விவேகானந்தர், 1897 ஜனவரியில் பாம்பனில் கரையிறங்கி, ராமநாதபுரம், மதுரை வழியாகச் சென்னை வந்தார். சென்னையிலிருந்து கப்பலில் சென்று பஜ்பஜ் துறையை அடைந்த அவர், அங்கிருந்து சிறப்பு ரயில் மூலம் பிப்ரவரி 19-ஆம் தேதி சியால்டா வந்து சேர்ந்தார். அவர் ஏறிய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு இளைஞர்களே அதை இழுத்துச் சென்றனர்.

நடைமேடையே வீடான காலம்

1947-இல் நாடு பிரிக்கப்பட்டபோது, சியால்டாவிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்ற பாதைகளின் பெரும்பகுதி கிழக்கு பாகிஸ்தானுக்குச் சென்றது. டார்ஜிலிங் செல்லும் நேர்வழியும் எல்லையால் துண்டிக்கப்பட்டது.

அதே பாதைகளில் அகதிகள் வரத் தொடங்கினர். குறிப்பாக, 1950-ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பின்னர், கிழக்கு பாகிஸ்தானை விட்டு வெளியேறிய இந்துக் குடும்பங்கள் பெரும் எண்ணிக்கையில் சியால்டாவில் வந்திறங்கின. செல்ல இடமற்றவர்களுக்கு நடைமேடையே வீடானது. பாய் விரித்த அளவே ஒரு குடும்பத்தின் எல்லை. அங்கேயே சமையல், அங்கேயே உறக்கம். ஒருபுறம் அலுவலகம் செல்வோர் விரைந்து கடந்து செல்ல, மறுபுறம் குழந்தைகளும் முதியோரும் வாரக்கணக்கில் முகாம் ஒதுக்கீட்டுக்காகக் காத்திருந்தனர்.

அவர்களில் பலர் ராணாகாட்டின் கூப்பர்ஸ் முகாம் உள்ளிட்ட இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். வேறு பலர் அரசின் உதவிக்குக் காத்திராமல், ஜாதவ்பூர் போன்ற புறநகர்ப் பகுதிகளில் காலி நிலங்களில் தாங்களே குடியிருப்புகளை அமைத்துக்கொண்டனர்.

இருநாடுகளுக்கும் இடையே தொடர்ந்து இயங்கிவந்த பரிசால் எக்ஸ்பிரஸ், ஈஸ்ட் பெங்கால் மெயில் உள்ளிட்ட ரயில்கள் 1965 இந்திய-பாகிஸ்தான் போரின்போது நிறுத்தப்பட்டன. டாக்காவுக்கு வழிகாட்டிய பாதை, கேதே என்ற எல்லை நிலையத்தோடு நிற்கும் புறநகர்ப் பாதையாகச் சுருங்கியது.

புறநகர் வளர்ந்த விதம்

சியால்டாவின் இன்றைய கூட்டத்துக்கான வேர் இங்குதான் உள்ளது. தொலைதூரப் போக்குவரத்தின் பெரும்பகுதியை இழந்த நிலையம், அகதிகளால் விரிவடைந்த புறநகரின் நிலையமாக மாறியது. டம்டம், பாராசத், ஹாப்ரா, ஜாதவ்பூர் என ரயில் பாதையை ஒட்டிய பகுதிகளில் மக்கள் தொகை பெருகியது. ஒரு காலத்தில் சியால்டா நடைமேடையில் உறங்கியவர்களின் பிள்ளைகள், அதே நடைமேடையில் தினமும் வேலைக்காக வந்திறங்கினர்.

1960-களில் இப்பாதைகள் மின்மயமாக்கப்பட்டன. இருபுறமும் ஓட்டுநர் அறை கொண்ட மின்தொடர் ரயில்களுக்கு, முனையத்தில் இன்ஜினைக் கழற்றி மாற்ற வேண்டிய தேவையில்லை. வந்த ரயில் சில நிமிடங்களில் திரும்பிச் செல்லும். நகருக்குள் மேலும் நிலம் இல்லாத ஒரு முனையம் இத்தனை ரயில்களைக் கையாள முடிவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

தற்போது 21 நடைமேடைகள் உள்ளன. வடக்கே ராணாகாட், கிருஷ்ணாநகர், பன்காவ் பக்கமும், தெற்கே கேனிங், டயமண்ட் ஹார்பர், பஜ்பஜ் பக்கமும் ரயில்கள் செல்கின்றன. சுந்தரவனத்தின் வாயிலான கேனிங்கிலிருந்து விடியற்காலையில் புறப்படும் ரயில்களில் மீன், காய்கறி விற்போரும், கொல்கத்தா வீடுகளில் பணிபுரியும் பெண்களும் நிரம்பியிருப்பர். ரயில் தாமதமானால், அவர்களின் அன்றைய வருமானமும் கேள்விக்குறியாகும்.

நெரிசலுக்குத் தீர்வு

இடப்பற்றாக்குறை காரணமாக, சியால்டாவின் 1 முதல் 5 வரையிலான நடைமேடைகளில் நீண்ட காலமாக 12 பெட்டி ரயில்களை நிறுத்த இயலவில்லை. நடைமேடையை நீட்டிப்பதென்றால் தண்டவாள இணைப்புகளையும் சிக்னல்களையும் மாற்றியமைக்க வேண்டும். இப்பணி 2024 ஜூன் மாதம் மேற்கொள்ளப்பட்டபோது, பல ரயில்கள் ரத்து செய்யப்பட்டன. பயணிகள் கடும் அவதிக்குள்ளாகினர். எனினும், 9 பெட்டிகளுக்குப் பதில் 12 பெட்டிகள் என்பது, ரயில்களின் எண்ணிக்கையைக் கூட்டாமலேயே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடத்தைத் தருகிறது.

2025 ஆகஸ்ட் 10-ஆம் தேதி, சியால்டா-ராணாகாட் இடையே குளிர்சாதன வசதி கொண்ட புறநகர் ரயில் தொடங்கி வைக்கப்பட்டது. இந்த ரயில், சென்னையில் உள்ள ஐ.சி.எப். தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டது.

அதே மாதம் 22-ஆம் தேதி, எஸ்பிளனேடு-சியால்டா மெட்ரோ பகுதி திறக்கப்பட்டது. பவ்பஜார் பகுதியில் 2019-இல் சுரங்கப் பணியின்போது நிலம் உள்வாங்கி வீடுகள் சேதமடைந்ததால், இந்தச் சிறு இடைவெளியை நிரப்பப் பல ஆண்டுகள் ஆயின. இதன்மூலம் ஹவுராவும் சியால்டாவும் முதன்முறையாக மெட்ரோவால் இணைந்தன. இரு முனையங்களுக்கும் இடையே சாலை நெரிசலில் சிக்கித் தவித்த பயணிகள், இப்போது ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் சில நிமிடங்களில் கடந்து செல்கின்றனர்.

கிழக்கு வங்கம் செல்வதற்காகக் கட்டப்பட்ட இந்நிலையத்திலிருந்து, அப்பகுதிக்கு இன்று ரயில் இல்லை. ஆனால், அங்கிருந்து வந்தவர்களின் தலைமுறைகளை அது ஒவ்வொரு நாளும் சுமந்து செல்கிறது.